வார்ப்பிரும்பு ஹவுசிங்கில் விரிசல்: அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் வழிமுறை

கியர்பாக்ஸ், பம்ப், பேரிங் பிளாக், கம்ப்ரசர் ஆகியவற்றின் வார்ப்பிரும்பு ஹவுசிங்கில், அதாவது வெளிக்கூட்டில், விரிசல் விழுந்துவிட்டது என்று அழைப்பு வந்து நான் போய்ச் சேரும்போது, பெரும்பாலும் வெல்டிங் மெஷின் அருகில் இழுத்து வைக்கப்பட்டு, ஹோல்டரில் ராடும் மாட்டப்பட்டுத் தயாராக இருக்கும். உற்பத்தி நின்று கிடக்கும்போது அந்த அவசரம் இயல்பானதுதான். ஆனால் வார்ப்பிரும்பில் தவறான ராடால் ஒருமுறை பற்றவைத்த இடம் டிரில் பிட் ஏறாத அளவுக்கு இறுகிப்போகும். அதன்பின் அங்கே, பூட்டுத் துண்டுகளையும் மரையாணிகளையும் இறக்கிச் சூடில்லாமல் விரிசலை மூடும் மெட்டல் ஸ்டிச்சிங் எனப்படும் உலோகத் தையல் போட வேண்டுமானால், இறுகிய பகுதி முழுவதையும் குடைந்தெடுத்து வேறு இரும்பு பதிக்க வேண்டியிருக்கும். ஆகவே கீழே உள்ள ஒவ்வோர் அறிகுறியிலும், விரிசல்தானா என்பதை முதலிலும், எதனால் விழுந்தது என்பதை அடுத்தும், எப்படி மூடுவது என்பதைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன்.

எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியவை

மின் இணைப்பைத் துண்டித்துப் பூட்டுப் போடுங்கள். உள்ளே அழுத்தம் இருந்தால் அதை முழுவதும் இறக்கி, எண்ணெயையும் நீரையும் வடித்துவிடுங்கள். தெரிகிற விரிசலைப் படம் எடுத்து, அதன் இரண்டு முனைகளையும் பெயிண்ட் மார்க்கரால் குறித்துத் தேதியையும் எழுதுங்கள். இரண்டு நாள் கழித்து அது நீண்டிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள இதைவிட எளிய வழி கிடையாது.

பொருள் வார்ப்பிரும்புதானா என்பதையும் அப்போதே உறுதி செய்துகொள்ளுங்கள். வேலைக்கு இடைஞ்சல் இல்லாத ஒரு மூலையில் 5 மி.மீ. பிட்டால் மிகக் குறைந்த ஆழத்துக்கு டிரில் செய்து, வரும் சீவலைப் பாருங்கள். சுருள் சுருளாக நீண்டு வந்தால் அது வார்ப்பு எஃகு. அதற்குப் பற்றவைக்கும் முறையே வேறு. பொடியாக உதிர்ந்து, விரலில் தேய்த்தால் பென்சில் கரி போலக் கறுத்தால் அது சாம்பல் வார்ப்பிரும்பு. இந்த இரும்பு அமுக்கத்தைத் தாங்கும் அளவில் மூன்றில் ஒரு பங்கைக்கூட இழுவிசையில் தாங்காது. வளைந்து கொடுக்காமல் நேராக உடைந்துவிடும். கீழே சொல்லப்படுபவை பெரும்பாலும் இதற்கே பொருந்தும்.

அறிகுறி 1: துடைத்த இடத்தில் மறுபடியும் எண்ணெய் பிசுபிசுக்கிறது, விரிசல் கண்ணுக்குத் தெரியவில்லை

இது விரிசலாக இல்லாமல் போவதற்கும் வாய்ப்பு அதிகம். எளிதில் சரிசெய்யக்கூடியவற்றிலிருந்து தொடங்குங்கள்.

முதலில், உள்காற்று வெளியேற வைத்திருக்கும் மூச்சுத்துளை மூடியான பிரீதரைக் கழற்றிப் பாருங்கள். அது தூசியால் அடைபட்டிருந்தால், சூடேறும்போது உள்ளே அழுத்தம் ஏறி, எண்ணெய் சீல் வழியாகவும் காஸ்கெட் வழியாகவும் வெளியேறி, சுவரில் வழிந்து, விரிசலிலிருந்து வருவதைப் போலவே தோற்றமளிக்கும். அடுத்து எண்ணெய் மட்டம், டிரெய்ன் பிளக்கின் வாஷர், இரண்டு பாதிகள் சேரும் இடத்தின் போல்ட்டுகள் ஆகியவற்றைப் பாருங்கள். எண்ணெய் எப்போதும் கீழ்நோக்கி வழிவதால், ஈரம் தெரியும் இடத்தைவிட அதற்கு மேலே உள்ள எல்லா இணைப்புகளையும் முதலில் சந்தேகியுங்கள்.

இவற்றில் குறை இல்லையென்றால் டை பெனட்ரன்ட் சோதனைக்குப் போகலாம். பெயிண்ட்டை முழுவதும் நீக்கி, கிளீனரால் துடைத்து உலரவிட்டு, சிவப்புச் சாயத்தைத் தெளித்துப் பத்து நிமிடமாவது ஊறவிடுங்கள். மேலே நிற்கும் சாயத்தைக் கிளீனரில் நனைத்த துணியால் துடைத்தெடுக்க வேண்டும்; கிளீனரை நேரடியாகச் சுவரில் பீய்ச்சினால் விரிசலுக்குள் இருக்கும் சாயமும் கழுவிக்கொண்டு போய்விடும். பிறகு டெவலப்பரை மெல்லிய வெள்ளைப் பூச்சாக அடித்துக் காத்திருங்கள். விரிசல் இருந்தால் வெள்ளையின் மேல் தையல் நூல் ஒன்றை ஒட்டி வைத்தது போல ஒரு சிவப்புக் கோடு எழுந்து, நிமிடத்துக்கு நிமிடம் தடிக்கும். கோடாக இல்லாமல் சிதறிய புள்ளிகளாக வந்தால், அவை வார்க்கும்போதே ஏற்பட்ட நுண்துளைகள். சொரசொரப்பான வார்ப்புப் பரப்பு முழுவதும் இளஞ்சிவப்பாகப் படர்வது இயல்பு. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

சாயம் கைவசம் இல்லாதபோது மண்ணெண்ணெயும் சுண்ணாம்புப் பொடியும் போதும். சுவரின் ஒரு பக்கம் மண்ணெண்ணெய் தடவி, மறுபக்கம் பூசிய சுண்ணாம்பு எங்கே நனைகிறது என்று பார்த்தால், சுவரைத் துளைத்து நிற்கும் விரிசல் மட்டும் காட்டிக்கொடுக்கும். சாயமோ மண்ணெண்ணெயோ பயன்படுத்திய விரிசலைப் பின்னால் பற்றவைக்க நேர்ந்தால், உள்ளே ஊறியதைச் சூடேற்றி எரித்தெடுத்த பிறகே தொட வேண்டும்.

நுண்துளைகள் மட்டும் இருந்து, அந்த இடம் சுமை தாங்காததாகவும் மிதமான சூட்டில் இயங்குவதாகவும் இருந்தால், உலோகத்தூள் கலந்த எபாக்ஸி நன்றாகவே நிற்கும். பரப்பைச் சொரசொரப்பாக்கி, எண்ணெய்ப் பசை சிறிதும் இல்லாமல் கழுவி, பொட்டலத்தில் குறிப்பிட்ட நேரம் முழுவதும் இறுகவிட வேண்டும். கோடாக விரிசல் தெரிந்தால், அது எந்த இடத்தில் இருக்கிறதோ அதற்கேற்ற கீழ்க்காணும் பகுதிக்குச் செல்லுங்கள்.

அறிகுறி 2: காலில், போல்ட் துளையை ஒட்டி விரிசல்

நான் அதிகம் சந்தித்த விரிசல் இதுதான்; காரணத்தை விட்டுவிட்டுப் பழுதை மட்டும் நீக்குவது அதிகம் நடப்பதும் இதில்தான். ஒரு கியர்பாக்ஸில் ஒரே காலை ஏற்கெனவே மூன்று முறை பற்றவைத்திருந்தார்கள். ஒவ்வொரு முறையும் பற்றவைத்தவர் மீதுதான் பழி விழுந்திருந்தது. நான் அந்தக் காலுக்குக் குறுக்கே மூலைவிட்டத்தில் இருந்த காலின் மேல், நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் டயல் கேஜை வைத்து, அதன் போல்ட்டை மட்டும் தளர்த்தினேன். ஸ்பேனர் அரைச் சுற்று திரும்புவதற்குள் முள் நகரத் தொடங்கி, 0.35 மி.மீ. வரை போய் நின்றது. பேஸ் பிளேட் அந்த மூலையில் தாழ்ந்திருந்தது. தரையில் படாத காலை போல்ட் கீழே இழுக்க, ஹவுசிங் முழுவதும் முறுக்கிக்கொண்டு, எதிர்மூலையில் இருந்த கால் அந்த முறுக்கைச் சுமந்து உடைந்துகொண்டே இருந்திருக்கிறது. நான்காவது முறை பழுது நீக்கியதோடு, தாழ்ந்த மூலையில் காலுக்கடியில் ஷிம் எனப்படும் மெல்லிய தகடும் வைத்தோம். அதன்பின் அது உடையவில்லை.

ஆகவே முதல் சோதனை இதுவே. எல்லா போல்ட்டுகளையும் சரியான முறுக்குவிசையில் இறுக்கியபின், ஒவ்வொரு காலிலும் டயல் கேஜை வைத்து, அந்த ஒரு போல்ட்டை மட்டும் தளர்த்தி, முள் எவ்வளவு நகர்கிறது என்று குறித்துக்கொண்டு மறுபடியும் இறுக்கிவிட்டு அடுத்த காலுக்குப் போங்கள். 0.05 மி.மீ.க்கு மேல் நகர்ந்தால் அங்கே ஷிம் தேவை. டயல் கேஜ் இல்லையென்றால், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜைக் காலின் நான்கு பக்கமும் நுழைத்துப் பார்க்கலாம். ஒரு பக்கம் மட்டும் நுழைந்தால் கால் சாய்வாக அமர்ந்திருக்கிறது என்று பொருள், அதற்குத் தட்டையான ஷிம் உதவாது. விரிசல் விழுந்த காலை இந்தச் சோதனைக்காக முழுவதும் இறுக்க வேண்டாம். மற்ற கால்களில் வரும் அளவே பெரும்பாலும் போதுமான விடையைத் தரும்.

கால்கள் எல்லாம் சரியாக அமர்ந்திருந்தால், அடுத்து ஃபவுண்டேஷன் போல்ட் தளர்ந்து ஆடுகிறதா, பேஸ் பிளேட்டுக்கு அடியில் நிரப்பிய கலவையான கிரவுட்டிங் பொடிந்திருக்கிறதா என்று பாருங்கள். அதற்கடுத்து, கப்ளிங்கால் இணைந்த இரண்டு தண்டுகளும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பெல்ட் ஓட்டும் மெஷினாக இருந்தால் பெல்ட் அளவுக்கு மீறி இறுகியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இவை எதுவும் இல்லாமல் கால் உடைந்திருந்தால், ஓடும் பாகம் திடீரென்று சிக்கி நின்ற ஓர் அடி எப்போதோ விழுந்திருக்கும். இயக்குபவரிடம் பொறுமையாகக் கேட்டால் பெரும்பாலும் சொல்லிவிடுவார்.

விரிசல் காலின் விளிம்போடு நின்றிருந்தால், முனையில் துளையிட்டு அதன் ஓட்டத்தை நிறுத்தலாம். கண்ணுக்குத் தெரியும் முனையைத் தாண்டிச் சில மில்லிமீட்டர் தள்ளி, 3 முதல் 6 மி.மீ. விட்டத்தில் சுவர் முழுவதும் துளைத்து, மறுபடியும் சாயச் சோதனை செய்து, துளைக்கு அப்பால் கோடு போகவில்லை என்று உறுதி செய்யுங்கள். இது விரிசல் நீளாமல் தடுத்து நிறுத்துவதற்கு மட்டுமே. இழந்த வலிமையை இது திருப்பித் தராது. சுமை தாங்கும் காலுக்கு இதன்மேல் உலோகத் தையலோ, போல்ட்டால் பிணைத்த எஃகுப் பட்டையோ வேண்டும். விரிசல் காலைவிட்டு ஏறி உடற்சுவருக்குள் நுழைந்திருந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு, உலோகத் தையல் போடுபவரை அழையுங்கள்.

அறிகுறி 3: பேரிங் அமரும் துளையிலிருந்து வெளிநோக்கி ஓடும் விரிசல்

இதில் விரிசலைவிடத் துளையின் வட்டம் கெட்டுப்போவதே பெரிய கேடு. பேரிங் அமரும் துளையின் அளவு ஒரு மில்லிமீட்டரின் நூறில் சில பங்குகளுக்குள் நிற்க வேண்டியது. எபாக்ஸியோ பற்றவைப்போ அதை அப்படியே விட்டுவைக்காது.

காரணம் தேடும்போது பேரிங்கிலிருந்து தொடங்குங்கள். வெளிவளையம் துளையில் சுழன்ற தடம் இருக்கிறதா? நீலம் பாய்ந்திருக்கிறதா? அதிக வெப்பத்தில் பேரிங் விரிவடைந்து துளையைப் பிளந்திருந்தால் அந்த நிறம் சொல்லிவிடும். தண்டின் இரு முனைப் பேரிங்குகளில் ஒன்று அச்சுத் திசையில் நகர இடம் விட்டு அமைக்கப்பட வேண்டும். இரண்டையும் இறுக்கிப் பூட்டியிருந்தால், தண்டு சூடேறி நீளும்போது அந்தத் தள்ளுவிசை முழுவதும் ஹவுசிங் மேல் விழும். புதிய பேரிங் மாட்டிய சில நாட்களில் வந்த விரிசல் என்றால், சுத்தியால் அடித்து ஏற்றியிருப்பார்களோ என்று கேட்பது அவசியம்.

உள்விட்டத்தை இரண்டு புள்ளிகளில் தொட்டு அளக்கும் மைக்ரோமீட்டர் கருவியால் குறைந்தது மூன்று திசைகளில், இரண்டு ஆழங்களில் துளையை அளந்து எழுதி வையுங்கள். அத்துடன் உங்கள் பங்கு முடிந்தது. இந்த வகை விரிசலை நீங்களே மூட வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்கிறேன். விரிசலைக் குறுக்கே இழுத்துப் பிடிக்கும் தையல், அதன்பின் துளைகளை ஒரே நேர்கோட்டில் கடையும் லைன் போரிங், தேவையானால் துளைக்குள் பதிக்கும் ஸ்லீவ் என்னும் உள்வளையம் என்று மூன்று வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கையில் நடக்க வேண்டியவை. மாற்று ஹவுசிங் கிடைக்குமா என்பதையும் அதே நாளில் விசாரித்துவிடுங்கள்.

அறிகுறி 4: குழாய் பொருத்தும் வாயில் நெடுக்காக ஒரு பிளவு

கூம்பு மரையுள்ள ஃபிட்டிங்கை டேப் சுற்றி மேலும் மேலும் இறுக்கினால், அது ஆப்பு போல வேலை செய்து வார்ப்பிரும்பு வாயைப் பிளந்துவிடும். குழாயின் எடை தாங்கியில்லாமல் அந்த வாயிலேயே தொங்கினாலும் இதே முடிவுதான். அழுத்தம் குறைவாக இருந்தால், வாயின் வெளிப்புறத்தைக் கடைந்து ஓர் எஃகு வளையத்தைச் சூடேற்றி மாட்டிக் குளிரவிடுவது எளிய, நிலையான தீர்வு. கடைசல் பட்டறையில் கொடுத்துச் செய்துகொள்ளலாம். மறுபடி பொருத்தும்போது இணை மரையும் சீலிங் வாஷரும் உள்ள ஃபிட்டிங்கைப் பயன்படுத்திக் குழாய்க்குத் தாங்கி வையுங்கள்.

அறிகுறி 5: பம்ப் கேசிங் அல்லது நீர் ஜாக்கெட்டில் நீளமான விரிசல்

நிறுத்திவைத்திருந்த மெஷினில், வெளியே புடைத்தது போலத் தெரியும் நீண்ட விரிசல் என்றால் உள்ளே நின்ற நீர் உறைந்திருக்கலாம். நீர் பனிக்கட்டியாகும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரிவடைகிறது, வார்ப்பிரும்பு அதற்கு இடம் கொடுக்காது. ஓடிக்கொண்டிருந்தபோது வந்ததென்றால், நீர் வற்றிச் சூடேறிய ஜாக்கெட்டில் குளிர்ந்த நீரைத் திறந்துவிட்டார்களா என்று கேளுங்கள். வால்வு சட்டென்று மூடுவதால் ஏற்படும் நீரடியும் கேசிங்கைப் பிளக்கும்.

இதில் பலர் தவறவிடும் சோதனை ஒன்று உண்டு. விரிசலின் ஓரத்தை ஒரு கூர்மையான கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உப்பு நீரிலும் அமில நீரிலும் நெடுநாள் இருந்த வார்ப்பிரும்பில் இரும்பு மட்டும் அரித்துப்போய், கிராஃபைட் எலும்புக்கூடு போல அப்படியே நிற்கும். வெளித்தோற்றத்தில் வடிவம் சிறிதும் மாறியிருக்காது. கத்தி மெழுகில் இறங்குவது போல இறங்கிக் கறுப்பாகச் சீவிக்கொண்டு வந்தால், அங்கே பற்றவைக்கவோ தையல் போடவோ பிடிமானமே இல்லை. கேசிங்கை மாற்றுவது ஒன்றே வழி.

சுவர் திடமாக இருந்து அழுத்தமும் குறைவாக இருந்தால் உலோகத் தையல் மிக நன்றாகப் பொருந்தும். விரிசலுக்குக் குறுக்கே பூட்டுத் துண்டுகளைப் பதித்து, விரிசலின் நெடுகிலும் ஒன்றையொன்று கடித்து நிற்கும் மரையாணிகளை வரிசையாக இறக்குவார்கள். வெப்பமே இல்லாததால் கேசிங் கோணாது. முடிந்தபின் நீரால் அழுத்தச் சோதனை செய்ய வேண்டும். இயங்கும் அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு வைப்பது பொதுவான வழக்கம். காற்றால் மட்டும் சோதிக்காதீர்கள். நீர் நிறைந்த கேசிங் விட்டுக்கொடுத்தால் கசியும். அழுத்தப்பட்ட காற்று நிறைந்த வார்ப்பிரும்பு விட்டுக்கொடுத்தால் துண்டுகள் பறக்கும்.

அறிகுறி 6: பற்றவைத்த இடத்தை ஒட்டியே புதிய விரிசல்

பற்றவைத்து முடித்து, ஹெல்மெட்டைக் கழற்றி வைத்தபின், குளிரும் இரும்பிலிருந்து ‘டிக்’ என்று மெல்லிய ஒலி ஒன்று எழும். அந்த ஒலியைக் கேட்டவர்களுக்கு மறக்காது. பற்றவைத்த உலோகத்துக்கும் பழைய இரும்புக்கும் இடையிலுள்ள மெல்லிய பட்டை விரைவாகக் குளிர்ந்து கண்ணாடி போல இறுகி, சுருங்கும் உலோகம் இழுக்கும்போது பிளக்கிறது என்பதே அதன் பொருள்.

முதல் காரணம் ராடு. மைல்டு ஸ்டீல் ராடால் பற்றவைத்திருந்தால் வேறு காரணம் தேடவே வேண்டாம். ஹவுசிங் முழுவதையும் சூடேற்றாமல் செய்யும் குளிர்முறைப் பற்றவைப்புக்கு நிக்கல் ராடோ, ஏறத்தாழ 55 விழுக்காடு நிக்கல் உள்ள நிக்கல்–இரும்பு ராடோ வேண்டும். தடித்த சுவருக்கும் உருண்டை கிராஃபைட் வார்ப்புக்கும் இரண்டாவது பொருத்தம். பின்னால் கடைய வேண்டிய மெல்லிய இடத்துக்கு முதலாவது.

இரண்டாவது, தயாரிப்பு. பல ஆண்டுகள் எண்ணெயில் ஊறிய வார்ப்பிரும்பின் கிராஃபைட் இடைவெளிகளில் எண்ணெய் தங்கியிருக்கும்; மேலே எவ்வளவு துடைத்தாலும் மின்வில் பட்டவுடன் குமிழியிட்டு வெளிவரும். புகை நிற்கும்வரை மெதுவாகச் சூடேற்றி எரிப்பதுதான் வழி. மூடிய ஹவுசிங்கை ஒருபோதும் சூடேற்றாதீர்கள். எல்லா மூடிகளையும் கழற்றி, உள்ளே எண்ணெய் ஆவி இல்லாதபடி காற்றோட்டம் செய்தபின் மட்டுமே சுடர் பக்கத்தில் வர வேண்டும். பள்ளம் வெட்ட அரைக்கும் சக்கரத்தைவிடக் கார்பைடு பர் எனப்படும் சுழலும் வெட்டுமுனை நல்லது. சக்கரம் கிராஃபைட்டை மேற்பரப்பில் இழுத்துப் பூசிவிடுவதால் உலோகம் ஒட்ட மறுக்கும்.

மூன்றாவது, வேகம். ஒரே மூச்சில் நீளமாக இழுப்பதுதான் பெரும்பாலான தோல்விகளுக்குக் காரணம். ஒரு தடவையில் 25 மி.மீ.க்கு மேல் பற்றவைக்க வேண்டாம். முடித்த கையோடு, சூடு இருக்கும்போதே உருண்டைத் தலைச் சுத்தியால் லேசாகத் தட்டிக்கொடுங்கள். சுருங்கும் உலோகம் அந்தத் தட்டலில் சற்று விரிந்து இழுப்பைத் தளர்த்தும். அந்த இடத்தில் கை வைக்க முடிகிற அளவுக்குச் சூடு இறங்கியபிறகே அடுத்த பற்றவைப்பு, அதுவும் சற்றுத் தள்ளி வேறிடத்தில். ஓரடி விரிசலுக்கு அரை நாள் ஆகும். அந்த அரை நாளைக் கொடுக்க இயலாதென்றால் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். எர்த் கிளாம்பைப் பற்றவைக்கும் இடத்துக்கு மிக அருகில் கவ்வுங்கள். மின்னோட்டம் பேரிங் வழியாகப் பாய்ந்தால் உருளைகளில் குழி விழும்.

இவ்வளவும் செய்தும் மறுபடி விரிந்தால், மீண்டும் அதன்மேல் பற்றவைக்காதீர்கள். ஹவுசிங் முழுவதையும் 500 முதல் 650 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றி, அந்தச் சூட்டிலேயே பற்றவைத்து, உலையிலோ காய்ந்த மணலிலோ புதைத்து ஓர் இரவுக்கு மேல் குளிரவிடும் சூட்டுமுறை இருக்கிறது. அதற்கு உலையும் அனுபவமும் உள்ள பட்டறை வேண்டும், பின்னால் எல்லாப் பரப்புகளையும் மறுபடி கடையவும் வேண்டும். நெடுநாள் கடும் வெப்பத்தில் இருந்து ஊதிப்போன வார்ப்பிரும்புக்கு இந்த முறையும் உதவாது.

அறிகுறி 7: துண்டாகவே உடைந்து விழுந்துவிட்டது

எல்லாத் துண்டுகளையும், சிறு செதில்கள் உட்பட, பொறுக்கி எண்ணெய்த் துணியில் சுற்றி வையுங்கள். உடைந்த முகங்களைத் தேய்க்கவோ ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்து உராயவிடவோ வேண்டாம். அந்தப் பற்கள் அப்படியே இருந்தால்தான் துண்டு தன் பழைய இடத்தில் துல்லியமாக உட்காரும். உடைந்த முகத்தில் ஒரு பகுதி மட்டும் துருவோ எண்ணெய்க் கறையோ படிந்து பழையதாக இருந்தால், விரிசல் முன்பே இருந்திருக்கிறது. முழுவதும் புதிதாகச் சாம்பல் நிறத்தில் மின்னினால் ஒரே அடியில் உடைந்தது.

நாமே தொடக்கூடாதவை

பாய்லர், நீராவி, அழுத்தப்பட்ட வாயு ஆகியவற்றைத் தாங்கும் உறுப்புகள், பவர் பிரஸ் சட்டம், தூக்கும் கொக்கி மாட்டும் காது, வேகமாகச் சுழலும் ஃபிளைவீல், கப்பி போன்றவை எந்த அறிகுறி காட்டினாலும் இந்த வழிமுறைக்குள் வரமாட்டா. மெஷினை நிறுத்தி, தகுதி பெற்ற ஆய்வாளரின் எழுத்துப்பூர்வமான முடிவு கிடைத்தபின் மாற்றுவதா, பழுது நீக்குவதா என்று தீர்மானிக்க வேண்டும்.

மறுபடி ஓடவிட்டபின்

முதலில் சுமையில்லாமல் ஓடவிட்டு, பழுது நீக்கிய இடத்தின் சூட்டையும் அதிர்வையும் பக்கத்துச் சுவரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு நாள், ஒரு வாரம், ஒரு மாதம் கழித்து மெஷினை நிறுத்தித் துடைத்து, அதே முனைகளில் சாயச் சோதனை செய்யுங்கள். கோடு நிறுத்துத்துளையைத் தாண்டியிருந்தால் அன்றே சுமையை இறக்க வேண்டும், காரணம் இன்னும் உயிரோடிருக்கிறது. அந்த ஒரு மாதம் முடியும்வரை மெஷின் பெயிண்ட்டைத் தடிமனாக அடித்து அந்த இடத்தை மூடிவிடாமல், மெல்லிய வெள்ளைப் பூச்சு மட்டும் கொடுங்கள். எண்ணெய் மயிரிழையாகக் கசிந்தாலும் அடுத்த முறை துடைக்க வருபவரின் கண்ணில் படும்.